எழுத்துப் பிழைகளை எண்ணிக் கணக்கிட்ட ஜே.பி.எஸ். ஹால்டேன்

தீராத நோயுடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், மருந்தைத் தேடுவதற்கு முன்பாகவே குற்றவாளியைத் தேடுவது நம்மவரின் வழமையாகிவிட்டது. தாயின் உடல்வாகு சரியில்லை என்பார் சிலர். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பார் வேறு சிலர். முன்னோர் சாபம், கண்ணூறு, செய்வினை எனப் பட்டியல் நீளும். மஸ்கெலியாவின் தோட்ட லயன்களிலும் சரி, நகரின் கடைவீதியை அண்டிய முஸ்லிம் இல்லங்களிலும் சரி, இந்தத் தேடல் பெரும்பாலும் ஒரு பெண்ணின் கண்ணீரிலேயே முடிவடைகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

பரம்பரை நோய்களுக்குக் காரணமான பிழைகள் எங்கிருந்து வருகின்றன, எத்தனை பேரில் ஒருவருக்கு வருகின்றன, ஏன் சில இனங்களில் நிலைத்து நிற்கின்றன என்பவற்றைக் கணக்குப் போட்டுக் காட்டிய மேதை ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவைத் தம் நாடாக ஏற்று, இந்திய மண்ணிலேயே மறைந்த ஜோன் பேர்டன் சாண்டர்சன் ஹால்டேன் என்பவரே அவர். அவரது வாழ்க்கை வரலாறு மலையக மக்களாகிய நமக்கு ஏன் முக்கியமானது என்பதை இங்கு நோக்குவோம்.

ஹால்டேன் 1892 நவம்பர் 5 ஆம் திகதி ஒக்ஸ்போர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் புகழ்பெற்ற உடற்றொழிலியலாளர். சுரங்கங்களில் தொழிலாளரைக் கொல்லும் நச்சு வாயுக்களைப் பற்றி ஆராய்ந்தவர். ஆய்வுகளுக்கு மகனையும் உடன் அழைத்துச் செல்வார். ஒருமுறை நிலக்கரிச் சுரங்கத்தின் கூரையருகே எரிவாயு தேங்கிய இடத்தில் சிறுவனை நிறுத்தி, நாடக வசனம் ஒன்றை ஒப்புவிக்கச் செய்தார். சிறுவன் மூச்சுத் திணறித் தரையில் விழுந்தான். தாழ்வான இடத்தில் நல்ல காற்று இருந்தமையால் தெளிந்தெழுந்தான். அந்த வாயு காற்றைவிட இலேசானது என்ற பாடத்தை அவன் பின்னர் ஒருபோதும் மறக்கவில்லை. உழைக்கும் மக்களின் உயிரைக் காப்பதற்காகத் தம்முடலிலேயே பரிசோதனை செய்யும் துணிவு அவருக்குத் தந்தைவழிச் சொத்தாகவே வாய்த்தது எனலாம்.

மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளில் கண்டறிந்த பரம்பரை விதிகள் 1900 ஆம் ஆண்டில் மீளவும் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றைப் பற்றிய விரிவுரை ஒன்றைச் சிறுவயதிலேயே ஹால்டேன் கேட்டார். பின்னர் தங்கை நயோமியுடன் சேர்ந்து வீட்டிலேயே கினிப்பன்றிகளை வளர்த்து, அவற்றின் நிறங்கள் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு இறங்குகின்றன என்று குறிப்பெடுத்தார். எலிகளில் இரண்டு இயல்புகள் இணைந்தே கடத்தப்படுவதைக் காட்டும் அவர்களது கட்டுரை 1915 இல் வெளிவந்தது. அப்போது அவர் முதலாம் உலகப் போரின் களத்தில் இருந்தார். கட்டுரையின் மற்றோர் ஆசிரியரான ஸ்பிரண்ட் என்ற நண்பர் அதே ஆண்டில் போரில் உயிரிழந்தார்.

ஹால்டேன் விஞ்ஞானப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. ஒக்ஸ்போர்டில் அவர் கற்றவை கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் தத்துவமுமே. ஆயினும் 1923 இல் கேம்பிரிட்ஜில் உயிரிரசாயனம் கற்பிக்கச் சென்றார். 1933 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையையும் மெண்டலின் விதிகளையும் கணிதத்தால் பிணைத்த மூவருள் ஒருவராக ரொனால்ட் பிஷர், சுவல் ரைட் ஆகியோருடன் அவர் போற்றப்படுகின்றார்.

அவர் எண்ணிய பிழைகள் யாவை என்பதை விளங்கிக்கொள்ள, டி.என்.ஏ. பற்றிச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். நமது உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு நூல் உண்டு என வைத்துக்கொள்வோம். அந்த நூலின் அரிச்சுவடியில் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள். மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்களை அச்சொற்களின் ஒழுங்கிலே கோத்தால் புரதம் உருவாகும். கலம் பிரியும்போதெல்லாம் இந்த நூல் முழுவதும் படியெடுக்கப்படுகின்றது. அச்சுக்கூடத்தில் இருப்பதைப் போலவே கலத்துக்குள்ளும் பிழை திருத்துநர் உண்டு. ஆயினும், எத்தனை முறை ஒப்புநோக்கினாலும் ஒன்றிரண்டு பிழைகள் தப்பிவிடுகின்றன. அவ்வாறு தப்பி நிலைத்துவிடும் மாற்றத்தையே விஞ்ஞானம் விகாரம் என்கின்றது. தமிழகப் பாடநூல்கள் இதனைச் சடுதிமாற்றம் என்று அழைக்கும்.

மூன்றெழுத்துச் சொற்களால் ஆன ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: அந்த மரம் பழம் தரும். இதில் பழம் என்பது பளம் என்று அச்சாகிவிட்டாலும் வாசகர் பொருளைப் புரிந்துகொள்வார். டி.என்.ஏ.யிலும் ஓர் எழுத்து மாறியும் அதே அமினோ அமிலம் கிடைப்பதுண்டு. இது மௌன விகாரம். ஆனால் பழம் என்பது பயம் என்று மாறினால், அந்த மரம் பயம் தரும் என்று பொருளே திரிந்துவிடும். இது பொருள் மாற்றும் விகாரம். மரம் என்ற சொல்லின் பின்னர் முற்றுப்புள்ளி விழுந்துவிட்டால் வாக்கியம் பாதியிலேயே நின்றுவிடும். புரதம் முழுமை பெறாது அறுந்துபோகும் இந்த வகை, நிறுத்த விகாரம். இம்மூன்றும் ஓரெழுத்து மாற்றத்தால் விளைபவை.

இனி, ஓர் எழுத்தே விடுபட்டுப் போனால் என்னவாகும்? அந்த என்ற சொல்லில் ‘ந்’ விடுபட்டு, மும்மூன்றாகவே தொடர்ந்து படித்தால், அதம ரம்ப ழம்த ரும் என்றாகிவிடும். பிழை நேர்ந்த இடத்துக்கு அப்பால் ஒரு சொல்லும் தேறாது. ஓர் எழுத்து மிகுதியாகப் புகுந்தாலும் இதே கதிதான். வாசிப்புச் சட்டகமே நகர்ந்துவிடும் இவ்வகை விகாரங்கள் பெரும்பாலும் கடுமையானவை. மாறாக, மூன்றெழுத்துகளைக் கொண்ட ஒரு சொல் முழுவதுமாக விடுபட்டால் எஞ்சிய சொற்கள் பொருள் கெடாது நிற்கும்.

இவற்றுக்கும் மேலாக, நூலின் பக்கங்களே பாதிக்கப்படும் விகாரங்களும் உண்டு. ஒரு பகுதி முற்றாகக் கிழிந்து போகலாம், இருமுறை கட்டப்படலாம், தலைகீழாகத் தைக்கப்படலாம், வேறொரு பாகத்தில் போய் ஒட்டிக்கொள்ளலாம். சில வேளைகளில் ஒரு பாகம் முழுவதுமே மேலதிகமாக வந்து சேரும். 21 ஆம் இலக்க நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைவதே டவுன் நிலைமைக்குக் காரணம் என 1959 இல் பாரிஸில் கண்டறியப்பட்டது.

டி.என்.ஏ.யின் அமைப்பு 1953 இல்தான் வெளிப்பட்டது. ஆனால் அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1935 இல், இத்தகைய பிழை மனிதரில் எவ்வளவு அடிக்கடி நேருகின்றது என்று ஹால்டேன் கணக்கிட்டுவிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது, குருதி உறையாத ஈமோபீலியா நோயாகும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, அந்தலூசியாவின் முஸ்லிம் வைத்திய மேதையான அல் ஸஹ்ராவி, ஒரு கிராமத்தில் ஆண்கள் மட்டும் சிறு காயத்தாலும் குருதி பெருகி இறப்பதைப் பதிவு செய்திருந்தார். தாய்மார் வழியாகக் கடத்தப்பட்டு ஆண்மக்களைத் தாக்கும் இந்நோய், விக்டோரியா மகாராணியின் சந்ததியினூடாக ஐரோப்பிய அரச குடும்பங்களிலும் பரவியது.

ஹால்டேனின் தர்க்கம் எளிமையானது. அக்காலத்தில் இந்நோயுற்ற சிறுவர்களிற் பெரும்பாலோர் மணமுடித்துப் பிள்ளை பெறுமுன்னரே இறந்துவிட்டனர். அவர்களோடு அந்தப் பிழையான பரம்பரையலகும் ஒவ்வொரு தலைமுறையிலும் அழிகின்றது. அப்படியாயின் நோய் படிப்படியாக மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. எனவே, அழியும் அளவுக்குப் புதிய விகாரங்கள் தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும். லண்டன் நகரின் நோயாளர் தொகையைக் கொண்டு, இப்பிழை ஒரு தலைமுறையில் ஏறத்தாழ 50,000 இல் ஒன்று என்ற வீதத்தில் நேருகின்றது என அவர் மதிப்பிட்டார். மனிதப் பரம்பரையலகு ஒன்றின் விகார வீதத்தை அளந்த முன்னோடிக் கணக்குகளுள் இது தலையாயது.

1947 இல் அவர் மேலும் ஒரு படி சென்றார். ஈமோபீலியாவுக்கான புதிய பிழை தாயின் முட்டையைவிடத் தந்தையின் விந்திலேயே அதிகம் தோன்றுகின்றது என்ற முடிவுக்கு வந்தார். விந்துக் கலங்கள் வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் படியெடுக்கப்படுவதால் பிழைக்கான வாய்ப்பும் பெருகுகின்றது. ஐஸ்லாந்தில் செய்யப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வு, பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிலும் ஏறத்தாழ 60 புதிய எழுத்து மாற்றங்கள் உள்ளன என்றும், தந்தையின் வயது ஓராண்டு கூடினால் அவ்வெண்ணிக்கை இரண்டால் கூடுகின்றது என்றும் காட்டிற்று. விக்டோரியா பிறந்தபோது அவரது தந்தைக்கு வயது 51. ரஷ்ய அரச குடும்பத்தினரின் எச்சங்களை 2009 இல் ஆராய்ந்தோர், அரச நோய்க்குக் காரணம் ஒரேயொரு எழுத்து மாற்றமே என்று கண்டறிந்தனர்.

எத்தனையோ நூற்றாண்டுகளாகத் தாய்மார் மீது சுமத்தப்பட்ட பழிக்கு விஞ்ஞானம் அளித்த பதில் இது. தாயின் மீதிருந்து பழியை எடுத்துத் தந்தையின் மீது போடுவதற்காக இதனை நாம் கூறவில்லை. புதிய பிழைகள் எல்லோரிலும் உண்டு. அவை யாருடைய நடத்தைக்கும் கிடைத்த தண்டனையல்ல என்பதே இதன் பொருள்.

நமக்கு மிக நெருக்கமான ஹால்டேனின் பங்களிப்பு, 1948 இல் ஸ்டொக்ஹோமில் நடைபெற்ற மாநாட்டில் முன்வைக்கப்பட்டு 1949 இல் அச்சேறியது. தலசீமியா என்ற குருதி நோய் மத்தியதரைக் கடலோர மக்களிடம் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு, அங்கு விகாரம் அதிகமாக நேருகின்றது என்று சிலர் விடை கூறினர். ஹால்டேன் அதனை ஏற்கவில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், சற்றுச் சிறிய செங்குழியங்களுடன் அம்மனிதர் சுகமாகவே வாழ்வார். அத்தகைய காவிகளின் குருதியில் மலேரியாக் கிருமி செழிப்பதில்லை போலும். ஆகவே மலேரியா நிலவும் நாடுகளில் அப்பிழை ஒரு கேடயமாகி நிலைத்துவிட்டது என்று அவர் கருதினார். 1954 இல் கிழக்காபிரிக்காவில், அரிவாட்கலச் சோகை என்ற மற்றொரு குருதி நோயை ஆராய்ந்த அந்தனி அலிசன், அவ்விடயத்தில் இக்கருத்துச் சரியென நிறுவினார். தலசீமியா பற்றிய சான்றுகளும் பின்னர் வந்து சேர்ந்தன.

இலங்கையின் கதையும் இதுவே. 1934-35 இல் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட நாடு இது. இந்நாட்டுப் பாடசாலை மாணவரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள், நூற்றுக்கு இருவர் அளவில் பீட்டா தலசீமியாக் காவிகள் இருப்பதைக் காட்டின. மலையக மக்களின் மூதாதையர் தமிழகத்தின் சமவெளிகளிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள். காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் வழிநெடுகப் பலரைப் பறிகொடுத்தவர்கள். மஸ்கெலியாவின் குளிரில் நுளம்பின் கொடுமை குறைவு. 2016 இல் இலங்கை முழுவதுமே மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. பகைவன் போய்விட்டான், கேடயம் மட்டும் குருதியில் தங்கிவிட்டது. இன்று அது பாரமேயன்றி வேறில்லை.

மேலே கூறிய விகார வகைகள் பலவற்றை இந்த ஒரு நோயிலேயே காணலாம். இலங்கையில் இருபதுக்கும் மேற்பட்ட பீட்டா தலசீமியா விகாரங்கள் அறியப்பட்டுள்ளன. இங்கும் தென்னிந்தியாவிலும் மிகப் பரவலாக உள்ளது, பரம்பரையலகின் முதலாவது இடைப்பகுதியில் ஐந்தாம் எழுத்தான ஜி, சி ஆக மாறிய பிழையாகும். வேண்டாத பகுதியை வெட்டும் இடத்தைக் காட்டும் குறி சிதைவதால், வெட்டு தவறான இடத்தில் விழுகின்றது. ஈமோகுளோபின் ஈ என்பது 26 ஆவது சொல்லில் ஓரெழுத்து மாறிய பிழை. 15 ஆவது சொல்லில் முற்றுப்புள்ளி விழும் நிறுத்த விகாரமும், 41, 42 ஆம் சொற்களில் நான்கெழுத்து விடுபட்டுச் சட்டகம் நகரும் விகாரமும், 619 எழுத்துகள் ஒருசேரக் கிழிந்துபோன விகாரமும் இந்திய உபகண்டத்தில் காணப்படுபவை.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளித்தெரிவதை இப்பிரதேச வாசகர்கள் அறிவார்கள். பின்னிடைவான பரம்பரையலகும் அத்தகையதே. பல தலைமுறைகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். காவிகள் இருவர் மணமுடிக்கும்போது மட்டும் வெளிப்படும். அவர்களது ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்நோயுற்ற பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்ற வாழ்நாள் முழுவதும் மருந்தும் வேண்டும்.

இங்கு உறவுமுறைத் திருமணம் பற்றிய கேள்வி எழுகின்றது. காவி ஒருவர் உறவல்லாத ஒருவரை மணந்தால் அவரும் பீட்டா தலசீமியாக் காவியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. மாமன் மகளையோ சாச்சாவின் மகளையோ மணந்தால், அதே பிழை அவரிடமும் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றாக உயர்கின்றது. தமிழரிடம் இது முறைப்பெண் உரிமை; முஸ்லிம்களிடம் மார்க்கம் அனுமதித்த, ஆனால் கட்டாயமாக்காத வழக்கம். அதனைப் பழிப்பது நமது நோக்கமன்று. அந்தக் கணக்கை அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

ஹால்டேனும் இக்கேள்வியை இந்திய மண்ணில் எதிர்கொண்டார். சூயஸ் மீதான பிரித்தானியப் படையெடுப்பைக் கண்டித்து, 1957 இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிபர நிறுவகத்துக்கு வந்து சேர்ந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார்; மரக்கறி உணவுக்கு மாறினார்; இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய மாணவர்களிடம் பூவின் இதழ்களையும் தென்னையின் புரிகளையும் எண்ணச் சொன்னார். அவரது மாணவர் கிருஷ்ணா துரோணம்ராஜு, மீரா கான் என்ற ஆய்வாளருடன் இணைந்து ஆந்திரத்தில் உறவுமுறைத் திருமணங்களையும் அவற்றின் விளைவுகளையும் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1963 இல் வெளிவந்தது.

இத்தகைய மேதையும் சறுக்கிய இடமுண்டு. கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்திருந்த அவர், சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் பிறப்புரிமையியலையே பொய்யென்று ஒதுக்கியபோது வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். வாவிலோவ் என்ற மாபெரும் தாவரவியலாளர் 1943 இல் சிறையில் மாண்டார். கட்சி விசுவாசம் எண்களின் முன்னே கண்ணை மூடச் செய்த அந்தத் தயக்கம், ஹால்டேனின் வாழ்வில் ஒரு கறையே. 1950 அளவில் அவர் கட்சியிலிருந்து விலகினார்.

கல்கத்தாவில் நிர்வாகத்துடன் முரண்பட்டு வெளியேறி, 1962 இல் புவனேஸ்வரில் ஆய்வுகூடம் அமைத்தார். பின்னர் அவருக்குக் குடற் புற்றுநோய் கண்டது. உடற்கலங்களில் சேரும் விகாரங்களே புற்றுநோயின் வேர். விந்திலும் முட்டையிலும் உள்ள விகாரங்களைப் போல அவை பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. தமது நோயைப் பற்றியே நகைச்சுவையாக ஒரு கவிதை எழுதி, அறிகுறி கண்டதும் வெட்கமின்றி வைத்தியரிடம் செல்லுமாறு மக்களைத் தூண்டினார். 1964 டிசம்பர் 1 ஆம் திகதி காலமானார். அவரது விருப்பப்படி உடல் காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

இவ்வாழ்க்கையிலிருந்து மஸ்கெலியா மக்கள் பெறவேண்டிய பாடம் எது? தோட்டங்களில் குருதிச்சோகை என்றாலே இரும்புச்சத்து மாத்திரை என்ற நிலை உண்டு. பெரும்பாலான வேளைகளில் அது சரியே. ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை உட்கொண்டும் குருதி ஏறாதவர் சிலர், உண்மையில் தலசீமியாக் காவிகளாக இருக்கக்கூடும். சாதாரண முழுக்குருதிப் பரிசோதனையில் செங்குழியங்களின் அளவைக் கவனித்தாலே ஐயம் எழும். ஈமோகுளோபின் பகுப்பாய்வு அதனை உறுதிசெய்யும். ஈரானில் 1997 முதலும் சவூதி அரேபியாவில் 2004 முதலும் திருமணத்துக்கு முன்னரான பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நம் நாட்டிலும் குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இயங்குகின்றது.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பெற்றோரும், நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கும் பெரியவர்களும், அதற்கு முன்பாகப் பிள்ளைகளின் குருதியையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது எத்துணை நன்று! காவி என்று தெரியவந்தால் அவமானம் எதுவுமில்லை. காவி ஒருவர் காவியல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்குக் கடும் நோய் வராது. இதனைத் தோட்ட வைத்திய உத்தியோகத்தரும் ஆசிரியரும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் ஊரறியச் சொல்ல வேண்டும். நோயுற்ற குழந்தையைப் பெற்ற தாயின் முகத்தைப் பார்த்து இனியும் யாரும் பழி கூறாதிருக்க வேண்டுமாயின், ஹால்டேன் போட்ட கணக்கு நம் வீடுகளுக்குள் வந்து சேரவேண்டியது அவசியமாகும்.